மும்பை லோக்கலுக்கும் மழைக்கும் தாங்குகிற கேமரா பை: எதை வாங்கலாம்?

செம்பூர்_நிழல் · மே, புதன் இரவு 10:20

வணக்கம். இரண்டு வருடமாக வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி, நானே இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

வீடு செம்பூரில், வேலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். ஞாயிறு காலையிலும் வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ் விட்ட பிறகும் படம் எடுக்கக் கிளம்புவேன். கையில் இருப்பவை: கேனன் ஆர்50 கேமரா, அதோடு வந்த 18-45 லென்ஸ், ஒரு 50 எஃப் 1.8 லென்ஸ், அப்புறம் பூநாரைக்காகத் தவணையில் வாங்கிய 100-400 லென்ஸ். அவ்வளவுதான்.

பிரச்சினை பை. கேமரா வாங்கிய அன்றே, "சார், நாளைக்கு லென்ஸ் சேரும், அப்போ மறுபடி வாங்கணும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 22 லிட்டர் பேக்பேக் எடுத்தேன். முதுகில் படும் பக்கத்தில் ஜிப் திறக்கிற வகை. திருடன் கை வைக்க முடியாதாம். உண்மைதான், என்னாலும் கை வைக்க முடியவில்லை.

போன ஞாயிறு தாதர் பூ மார்க்கெட். ஆறு மணிக்குப் பாலத்துக்கு அடியில் ஒரு அம்மா சாமந்திக் குவியல் நடுவே உட்கார்ந்திருந்தார், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தது. 50 லென்ஸ் மாட்ட வேண்டும். பையைக் கழற்றினால் வைக்க இடமில்லை, தரையெல்லாம் அழுகின இதழும் தண்ணீரும். ஒற்றைக் காலில் நின்று, முழங்காலில் பையைத் தாங்கி, ஜிப்பைத் திறந்து லென்ஸை எடுப்பதற்குள் மூடி கீழே விழுந்து பூவோடு போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மா சாமந்தியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பும்போது பாலத்தில் இரண்டு பேர் "பேக் ஆகே லோ" (பையை முன்னால் மாட்டு) என்று கத்தினார்கள். முன்னால் மாட்டினால் படி தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கேமராவும் மூன்று லென்ஸும் சேர்த்து 1.3 கிலோ. வெறும் பை 1.7 கிலோ!

பட்ஜெட் 4,000 ரூபாய். மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தோளில் குறுக்கே மாட்டும் 6 லிட்டர் ஸ்லிங், மூடி வைத்த மெசஞ்சர் பை, இருக்கிற ஆபீஸ் பைக்குள் வைக்கிற மெத்தை இன்சர்ட் என்று மூன்று யோசனை. எதை எடுக்கலாம்?

நாலாவது_சீட் · புதன் இரவு 10:41

அந்த லென்ஸ் மூடி இந்நேரம் ஏதாவது ஒரு பிள்ளையார் கழுத்தில் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கும். புண்ணியம் உங்களுக்குத்தான்.

இழையைத் தொடர்கிறேன். எனக்கும் இதே கதைதான்.

பழைய_பிலிம் · வியாழன் காலை 6:05

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான் தம்பி.

நான் மாதுங்கா. பிலிம் காலத்திலிருந்து இந்த ஊரில் பை தூக்குகிறேன், எட்டோ ஒன்பதோ மாற்றியாயிற்று. நான் பார்த்தவரை, பை வாங்குகிற எல்லாரும் "இதில் எவ்வளவு கொள்ளும்" என்று கேட்கிறார்கள். "நின்றபடியே ஒரு கையால் எடுக்க முடியுமா" என்று யாரும் கேட்பதில்லை. மும்பையில் பையைக் கீழே வைக்க இடம் கிடையாது. தாதரில் பூச்சேறு. சசூன் டாக்கில் மீன் தண்ணீர். ஒரு தடவை அங்கே தரையில் வைத்துவிட்டு, அந்தப் பையை ஒரு மாதம் பால்கனியிலேயே தொங்கவிட்டேன். (அங்கே போகிறவர்கள் படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.) பாண்கங்கா படிக்கட்டில் வைத்தால் உருண்டு குளத்துக்கே போகும். கீழே வைத்துத்தான் திறக்க வேண்டும் என்கிற பை பயணத்துக்குச் சரி, தெருவுக்கு ஆகாது.

டோம்கே என்று ஒரு அமெரிக்கப் பை உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜிம் டோம்கே என்பவர் பிலடெல்பியா இன்க்வயரர் பத்திரிகையில் போட்டோகிராபர். 1970களில் தனக்காக உண்டாக்கியது அது. வெறும் கேன்வாஸ், சுவரில் ஃபோம் கிடையாது, நடுவில் மட்டும் அறை பிரித்த ஒரு உள்பெட்டி. ஃபோம் இல்லாததால் இடுப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கூட்டத்தில் இடிக்காது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் கதை இன்னும் வேடிக்கை. 1973-ல் மீன்பிடிக்கிறவர்களுக்குப் பை தைக்க ஆரம்பித்தவர்கள். நியூயார்க்கில் போட்டோகிராபர்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு திரிவது பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. தண்ணீர் ஓரத்தில் நின்றபடி ஒரு கையால் சாமான் எடுக்கிறவன் தேவை இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

அந்த விலை நமக்கு வேண்டாம். அமைப்பை மட்டும் பாருங்கள். மேலே மூடி, தொளதொளப்பான உடம்பு, இடுப்பருகே தொங்குகிற நீளம். மெசஞ்சருக்கு என் ஓட்டு.

வாஷி_கொக்கு · வியாழன் காலை 8:30

மன்னிக்கவும் ஐயா, இதை நான் ஏற்க மாட்டேன்.

ஒற்றைத் தோள் பை 50 லென்ஸ் வைத்துத் தெரு சுற்றுகிறவர்களுக்குச் சரி. என் சோனி 200-600 மட்டும் 2 கிலோவைத் தாண்டும், நீளம் 32 சென்டிமீட்டர். கேமராவோடு சேர்த்து அதை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, பூநாரை வருகிற சிவ்ரி ஜெட்டி வரை நடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். எனக்கு வலது தோளில் ஆறு மாதம் பிசியோதெரபி நடந்தது. மெசஞ்சர் பை போட்டுத்தான்.

செம்பூர்_நிழல், உங்களிடம் 100-400 இருக்கிறது. இன்று அது 635 கிராம்தான், நாளைக்குப் பறவைப் பைத்தியம் முற்றும். முற்றாமல் இருந்த ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு தோளிலும் ஏறுகிற பைதான் நல்லது. பக்கவாட்டில் கதவு திறக்கிற மாதிரி இப்போது நிறைய வருகிறது. ஒரு தோளை மட்டும் கழற்றிப் பையை முன்னால் சுழற்றினால் நின்றபடியே எடுக்கலாம். உங்கள் பையின் குற்றம் பேக்பேக்காக இருப்பது அல்ல, முதுகுப் பக்கம் திறப்பது.

பழைய_பிலிம் · வியாழன் காலை 8:52

கொக்கு சார், உங்களுக்கு அது சரி, மறுக்கவில்லை. தம்பி வாரம் எத்தனை நாள் 100-400 எடுத்துக்கொண்டு போகிறார் என்று முதலில் கேட்போம். மூன்று மாதத்தில் நான்கு நாள் என்றால், அந்த நான்கு நாளுக்காக மற்ற நாளெல்லாம் பெரிய பை தூக்க வேண்டுமா? கல்யாணத்துக்கு வாங்கின அண்டாவில் தினமும் காபி போடுகிற கதைதான்.

டோம்பிவிலி_டைரி · வியாழன் மதியம் 1:15

ஆண்கள் இரண்டு பேரும் சண்டையை முடித்துவிட்டால் நான் ஒன்று சொல்கிறேன்.

தினமும் டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை லேடீஸ் பெட்டி. காலை எட்டு மணி ஃபாஸ்ட் வண்டியில் ஏறுகிறவர்களுக்குப் பை என்பது அரை ஆள் மாதிரி. பேக்பேக்கை முன்னால் மாட்டினால் நெஞ்சுக்கும் அடுத்தவர் முதுகுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும், உள்ளே லென்ஸ். மேலே தட்டில் போடலாம், கை எட்ட வேண்டுமே. ஸ்லிங் பை குறுக்கே மாட்டினால் பட்டை சரியாக நெஞ்சு நடுவே அழுத்தும், துப்பட்டாவையும் இழுக்கும். பை செய்கிறவர்களில் யாரும் பெண்ணுக்கு மாட்டிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பல பைகள் பார்த்து இப்போது வந்து நிற்கிற இடம் இன்சர்ட். ஒரு சாதாரணத் துணிப் பை, மேலே ஜிப், இரண்டு நீளக் கைப்பிடி. உள்ளே கேமரா உயரத்துக்கு ஒரு மெத்தைப் பெட்டி, அதன்மேல் டிபன் டப்பா, குடை. வண்டியில் மடியிலோ காலிடுக்கிலோ நிற்கும். இறங்கிய பிறகு தோளில் மாட்டிக்கொள்வேன். இதில் கேமரா இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது, பார்த்தால் கீரை வாங்கப் போகிற பை. இரவில் தனியாகத் திரும்புகிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். டிபனை எடுத்தால்தான் கேமரா. அதனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கேமராவை எடுத்துக் கையில் சுற்றிக்கொள்வேன், மற்றதெல்லாம் பையில் தூங்கும். நடந்துகொண்டே லென்ஸ் மாற்றுகிற வேலை என்னிடம் கிடையாது. ஒரு நாளுக்கு ஒரு லென்ஸ்.

இன்னொன்று, வெல்க்ரோ. மாதுங்காவில் தோழியின் மகள் அரங்கேற்றத்துக்குப் படம் எடுக்கப் போனேன். மேடையில் வர்ணம் ஓடுகிறது, நான் பையின் மூடியைத் திறந்தேன். சர்ர்ர் என்று வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முன்வரிசை மாமிகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தக் குழந்தைக்குத் தாளம் தப்பவில்லை, அவ்வளவுதான் ஆறுதல். மறுநாளே வெல்க்ரோவை மறைத்துத் துணி தைத்தேன்.

நாலாவது_சீட் · வியாழன் மதியம் 1:40

அக்கா, "கீரை வாங்கப் போகிற பை" என்று ஒரு கம்பெனி தொடங்கினால் நான் பங்கு வாங்குகிறேன்.

செம்பூர்_நிழல் · வியாழன் இரவு 11:10

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, நன்றி.

பழைய பிலிம் ஐயா கேட்டதைக் கணக்குப் பார்த்தேன். இந்த வருடம் எடுத்த படங்களைத் தேதிவாரியாகப் புரட்டினால், வெளியே போனது 31 நாள். 100-400 பயன்பட்டது 5 நாள், எல்லாமே சிவ்ரி. 50 லென்ஸ் 19 நாள். 18-45 மீதி. பை தூக்கியதோ 31 நாளும் மூன்று லென்ஸோடு. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கொக்கு சார், பைத்தியம் முற்றினால் உங்களிடமே வருகிறேன்.

இப்போது சந்தேகம் துணியில். ஒரு பையில் 500டி என்கிறான், இன்னொன்றில் 1000டி, மூன்றாவதில் வாட்டர்ப்ரூஃப் கேன்வாஸ். இதில் எது மழைக்கு?

தொண்ணூறடி · வெள்ளி காலை 7:25

இது எங்கள் ஏரியா. தாராவி, 90 அடி சாலை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து பை தைக்கிற பட்டறையில் சேர்ந்தவர், நான் இப்போது வேறு வேலை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மிஷினில் உட்காராவிட்டால் தூக்கம் வராது.

டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் எண். 1000டி என்றால் நூல் தடிமன், உரசலுக்குத் தாங்கும், கனமும் கூட. தினசரிப் பைக்கு 500 போதும். இந்த எண்ணுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரைத் தடுப்பது உள்பக்கம் பூசியிருக்கிற பாலியூரிதேன் பூச்சு. துணியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், லேசாகப் பளபளக்கும். நம் ஊர்க் காற்றில் சில வருடத்தில் அது பிசுபிசுத்து, வெள்ளைத் தோலாக உரியும். பழைய குடைப்பை, ரெயின்கோட்டில் பார்த்திருப்பீர்கள். அதனால் யாராவது பழைய பை மலிவாகக் கொடுத்தால் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பூச்சு நன்றாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஓட்டைதானே. தையலின் மேல் டேப் ஒட்டாத எந்தப் பையையும் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லக் கூடாது. விலைச்சீட்டில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள்.

மெழுகு பூசிய கேன்வாஸ் அழகு, சந்தேகமில்லை. ஆனால் ஜூலையில் நனைந்தால் காய இரண்டு நாள். மூலையில் வைத்துவிட்டு மறந்தால் பூஞ்சை.

நான் பை பார்க்கிற விதம் வேறு. முதலில் பட்டை உடம்போடு சேருகிற இடம். அங்கே சதுரம் போட்டு நடுவில் குறுக்காகத் தைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் மேலே பார்க்கவே வேண்டாம். அப்புறம் ஜிப். பல்லின் அகலத்தை வைத்து 5, 8, 10 என்று எண் சொல்வோம். பெரிய வாய்க்கு 8 நல்லது, 5 சின்ன அறைக்கு. உலோகப் பல் வேண்டாம், மெரின் டிரைவ் உப்புக் காற்றுக்குப் பச்சை பூக்கும். நைலான் சுருள் போதும். முதலில் போவது ஜிப் அல்ல, பிடித்து இழுக்கிற ரன்னர். அது தளர்ந்தால் பல் சேராது. ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், பையைத் தூக்கிப் போடாதீர்கள். இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

முலுண்ட்_மூடுபனி · வெள்ளி காலை 9:50

பையைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டுக்கு வந்த பிறகு அதை என்ன செய்கிறீர்கள்? அங்கேதான் லென்ஸ் சாகிறது.

ஜூலையில் இந்த ஊரில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். ஃபோம் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பையில் லென்ஸை வைத்து ஜிப்பை இழுத்து அலமாரியில் வைப்பதும், பூஞ்சைக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டுவதும் ஒன்று. என் 35 லென்ஸ் அப்படித்தான் போயிற்று. உள்ளே சிலந்திவலை மாதிரி நூல் நூலாக, துடைக்க முடியாத இடத்தில்.

இப்போது வந்ததும் பையைக் காலி செய்து, வாயைத் திறந்து ஃபேனுக்கு அடியில் தொங்கவிடுகிறேன். லென்ஸ் எல்லாம் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில், உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும். 40க்கும் 50க்கும் நடுவில் முள் நின்றால் நிம்மதி. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நிறம் மாறினால் சிறுதீயில் சூடாக்கினால் திரும்ப ஆரஞ்சாகும். நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டாம். அரிசியில் போட்டு வைக்கிற வைத்தியமும் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

ஏசி லோக்கலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 டிசம்பர் 25-ல் முதல் வண்டி விட்டார்கள், அடுத்த மழைக்காலத்தில் ஆசையாக ஏறினேன். சர்ச்கேட்டில் இறங்கிக் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க வெள்ளை. மழைக்காலத்தில் வெளிக்காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படிகிற வெப்பநிலை, 25, 26 டிகிரியில் இருக்கும். வண்டிக்குள் லென்ஸ் அதைவிடக் குளிர்ந்துவிட்டால், வெளியே எடுத்ததும் வேர்க்கத்தான் செய்யும். இறங்கிய பிறகு 20 நிமிடம் பையைத் திறக்காதீர்கள், ஒரு கட்டிங் சாய் குடியுங்கள். மெத்தை உள்ள பையின் உண்மையான பயன் எனக்கு இதில்தான் தெரிந்தது. இடி தாங்குவதைவிட, லென்ஸ் மெதுவாகச் சூடேற விடுகிறது.

வாஷி_கொக்கு · வெள்ளி காலை 10:20

கடைசி வரி நல்ல வரி. பழைய பிலிம் ஐயாவின் ஃபோம் இல்லாத டோம்கே அங்கே என்ன செய்யும்?

பழைய_பிலிம் · வெள்ளி காலை 10:31

நான் ஏசி வண்டியில் ஏறுவதில்லை. பிரச்சினை தீர்ந்தது.

செம்பூர்_நிழல் · வெள்ளி இரவு 9:15

மழை உறை பற்றி? என் பையின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒன்று மடித்து வைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறடி · வெள்ளி இரவு 9:48

அது வெளிப்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும். முதுகுப் பக்கம் திறந்தேதான் இருக்கும், இல்லாவிட்டால் மாட்டுவது எப்படி? குடையின் விளிம்பிலிருந்து சொட்டுவது கழுத்து வழியாக இறங்கி அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகும். உறையை மாட்டினால் சாமான் எடுப்பதும் நின்றுவிடும்.

எளிய வழி, பைக்குள் கனமான பிளாஸ்டிக் கவர் ஒன்று. கறுப்புக் குப்பைக் கவராக இருந்தாலும் பரவாயில்லை. மழை வலுத்தால் கேமராவை அதில் போட்டு வாயை முறுக்கிச் செருகுங்கள். வெளிப்பை நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும்.

டோம்பிவிலி_டைரி · வெள்ளி இரவு 10:05

இதோடு ஒரு சின்னத் துண்டு. ஈரிழைத் துண்டு என்றால் இன்னும் நல்லது, சீக்கிரம் காயும். அப்புறம் மழைக்காலத்தில் ஒரு கை குடைக்குப் போய்விடும் என்பதை யாரும் சொல்லவில்லையே. இரண்டு கொக்கி போட்ட மூடியை மறு கையால் திறந்து பாருங்கள், கோபம் வரும்.

விரார்_வேகம் · சனி காலை 7:00

தட்டு பற்றி அக்கா சொன்னார்களே. நான் போட்டேன். போரிவலி நெருங்கும்போது நண்பன் போன் செய்தான், பேசிக்கொண்டே இறங்கினேன், பை விராருக்குப் போயிற்று. கேமரா, இரண்டு லென்ஸ், தங்கையின் நிச்சயதார்த்தப் படம் இருந்த மெமரி கார்டு. கிடைக்கவில்லை. இப்போது சின்னப் பைதான், உடம்பை விட்டுக் கழற்றுவதில்லை. மெமரி கார்டு சட்டைப் பையில்.

நாலாவது_சீட் · சனி காலை 7:12

இதற்கு ஜோக் அடிக்க மனம் வரவில்லை.

மட்டுறுத்துநர் · சனி காலை 11:30

பழைய பை விற்க, வாங்க என்று வந்த மூன்று பதிவுகளைச் சந்தைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். "பேக்பேக் தூக்குகிறவன் சுற்றுலாப் பயணி" என்று தொடங்கிய பதிவை நீக்கியிருக்கிறேன். பையைத் திட்டுங்கள், ஆளைத் திட்டாதீர்கள்.

பழைய_பிலிம் · சனி மாலை 5:40

தம்பி, இணையத்தில் பார்த்து வாங்காதீர்கள். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் கேமராக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சனிக்கிழமை போங்கள். உங்கள் கேமராவையும் இரண்டு லென்ஸையும் கொண்டுபோங்கள். கடையில் பைக்குள் காகிதம் திணித்து உப்பலாக வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சாமானைப் போட்டு மாட்டிக்கொண்டு, கீழே விழுந்த சில்லறையை எடுக்கிற மாதிரி குனியுங்கள். பை முன்னால் வந்து முட்டியில் மோதுகிறதா? மோதினால் இடுப்பைச் சுற்ற ஒரு நாடா வேண்டும், அல்லது அந்தப் பை வேண்டாம். அடுத்து, மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உடம்பை நோக்கித் திறந்தால் மூடி வயிற்றில் தட்டும், கையை அந்தப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். உடம்பை விட்டு வெளிப்பக்கம் திறந்தால் மேலிருந்து நேராகக் கை இறங்கும், எதிரே நிற்பவனுக்கும் உள்ளே இருப்பது தெரியாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை எந்த விளம்பரத்திலும் போட மாட்டான். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு 50 லென்ஸை எடுங்கள். எடுக்க வந்தால் வாங்குங்கள்.

முடிந்ததும் மாதுங்காவில் இறங்குங்கள், காபி என் செலவு.

செம்பூர்_நிழல் · அடுத்த சனி இரவு 10:30

போனேன். காபியும் ஆயிற்று, ஐயாவுக்கு நன்றி.

ஏழு பை மாட்டிப் பார்த்தேன். குனிகிற சோதனையில் நான்கு தோல்வி. ஆசைப்பட்டுப் போன ஸ்லிங்கின் மூடி வயிற்றைப் பார்த்துத்தான் திறந்தது. பிடித்த மெசஞ்சர் 6,200. அதனால் ஒன்றும் வாங்காமல் 850 ரூபாய்க்கு ஒரு இன்சர்ட் மட்டும் வாங்கி வந்தேன். கல்லூரியில் தூக்கின பழைய ஜோல்னா பை ஒன்று வீட்டில் இருக்கிறது, தடித்த கேன்வாஸ், மேலே மூடி. அதற்குள் சரியாக உட்காருகிறது. பட்டைதான் மெலிசு, தோளை அறுக்கிறது. தொண்ணூறடி அண்ணா, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

தொண்ணூறடி · சனி இரவு 10:44

கொண்டு வாங்க. இரண்டு அங்குல நாடா போட்டுச் சதுரத் தையல் அடித்துத் தருகிறேன். அடிக்கு ஒரு ரெக்சின் துண்டும் வைத்துவிடலாம், தரை ஈரம் ஏறாது. நாடாவுக்கும் கொக்கிக்கும் மட்டும் காசு.

வாஷி_கொக்கு · ஞாயிறு காலை 5:50

100-400 எங்கே போகும்?

செம்பூர்_நிழல் · ஞாயிறு காலை 9:20

சிவ்ரி போகிற நாளில் இன்சர்ட்டின் நடுப்பிரிப்பைக் கழற்றினால் கேமராவோடு பொருத்தியபடியே படுக்க வைக்கலாம், அளந்துவிட்டேன். அன்று 50 வீட்டில். ஹார்பர் லைனில் ஒரே வண்டி, தோள் தாங்கும் என்று நம்புகிறேன்.

முலுண்ட்_மூடுபனி · ஞாயிறு காலை 9:45

கேன்வாஸ் என்றால் ஜூலையில் என் பதிவைத் திரும்பப் படிக்கவும்.

செம்பூர்_நிழல் · ஜூன், ஞாயிறு மதியம் 12:10

மூன்று வாரம் ஆயிற்று, வந்து எழுதுகிறேன்.

இன்று காலை தாதர், நல்ல மழை. அண்ணா தைத்த பை, 18-45 கேமராவில், 50 பையில், கறுப்புக் கவர், அக்கா சொன்ன ஈரிழைத் துண்டு. மொத்தம் இரண்டு கிலோகூட வரவில்லை. ஒரு கையில் குடையோடு மூடியைத் தூக்கி லென்ஸை எடுக்க முடிந்தது. மாற்ற இரண்டு கை வேண்டும், அதற்குக் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டேன், பார்க்க நன்றாக இருந்திருக்காது. பாலத்தில் யாரும் கத்தவில்லை.

குறைகள்: கேன்வாஸ் நனைந்து கனத்துவிட்டது, இப்போது ஃபேனுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. ஒரே தோளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் முடியாது, கொக்கு சார் சொன்னது உண்மை. சாமந்தி அம்மா இன்று வரவில்லை.

அந்த 22 லிட்டர் பையை அம்மா எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போது முறுக்கு டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும் அந்தப் பிரிப்புகளில் அசையாமல் நிற்கின்றனவாம்.

விரார்_வேகம் · ஞாயிறு மதியம் 12:25

அந்தப் பையில் பிரிப்பு மெத்தைகள் ஏதாவது மிச்சம் இருந்தால் எனக்கு இரண்டு வேண்டும்.

செம்பூர்_நிழல் · ஞாயிறு மதியம் 12:31

அம்மாவிடம் கேட்டேன். முறுக்கு வேண்டுமானால் தருகிறாராம், மெத்தை கிடையாதாம்.